கிளம்ப மறுக்கும் எஞ்சின்

சாத்தான்குளத்தில் பேருந்து ஏறித் தெற்கு நோக்கிச் சென்றால், செம்மண் தேரியும் பனைமரங்களும் கொஞ்ச தூரம் கூடவே வரும். பிறகு காற்றில் உப்பு வாடை கலக்கும். பெரியதாழைக் கடற்கரை வந்துவிட்டது என்று பொருள். அங்கிருந்து கரையோரமாக வடகிழக்கே போனால் மணப்பாடு. இன்னும் போனால் திருச்செந்தூர், புன்னைக்காயல், தூத்துக்குடி. இந்தக் கரை முழுவதும் மணலில் ஏற்றி வைத்த படகுகளைக் காணலாம். பல படகுகளின் பின்பக்கப் பலகையில் ஓர் எஞ்சின் கவ்விக்கொண்டு நிற்கும். தலை மேலே, கால் நீருக்குள். அந்தக் காலின் நுனியில் சுழல்விசிறி. இதற்கு 'அவுட்போர்டு எஞ்சின்' என்று பெயர். படகுக்கு வெளியே தொங்கும் எஞ்சின் என்பது இதன் பொருள்.

எஞ்சினின் தலைப்பக்கம் ஒரு கயிறு இருக்கும். அதைச் சட்டென்று இழுத்தால் 'டுர்ர்' என்று உயிர் பெறும். ஆனால் சில நாள் காலையில் இழுத்தால் உயிர் பெறாது. இரண்டு முறை, பத்து முறை, முப்பது முறை இழுத்தும் கிளம்பாது. தோள் வலிக்கும், வியர்வை கொட்டும். எஞ்சினோ ஊமையாக நிற்கும்.

கரையில் இப்படி நடந்தால் ஒரு நாள் பிழைப்பு போகும். கடலில் நடந்தால்? இந்தக் கரையில் ஆண்டின் நடுப் பகுதியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும். அது கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் காற்று. எஞ்சின் நின்ற படகு மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு விடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்விடும்! ஆகவே, 'எஞ்சின் ஏன் கிளம்பவில்லை?' என்ற கேள்விக்கு விடை காணும் திறமை, கடலில் உயிர் காக்கும் திறமையும் ஆகும். அந்த விடையைக் காண்பது எப்படி? வாருங்கள், பார்ப்போம்.

எஞ்சின் வந்த கதை

படகுக்கு வெளியே எஞ்சினைத் தொங்கவிடும் யோசனை பலருக்கும் தோன்றியதுதான். அதை உலகெங்கும் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். 1877இல் நார்வே நாட்டில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே அமெரிக்காவில் குடியேறியவர். ஒரு கோடை நாளில், காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவர ஏரியின் குறுக்கே துடுப்புப் போட்டுச் சென்றாராம். திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம். அதனால்தான் இந்த எஞ்சினைப் பற்றி நினைக்கத் தொடங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படி இருந்தாலும், 1909இல் அவருடைய எஞ்சின் விற்பனைக்கு வந்துவிட்டது. அதன் திறன் வெறும் 1.5 குதிரைத்திறன். 1911இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

நம் நாட்டுக் கரைகளில் எஞ்சின் வைத்த மீன்பிடிப்புக்கு வித்திட்டதும் ஒரு நார்வே தொடர்புதான். 1952இல் இந்தியாவும் நார்வேயும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கேரளத்தில் கொல்லம் அருகே மீன்வளத் திட்டம் ஒன்று நடைபெற்றது. அங்கே வந்தவை படகின் உள்ளே பொருத்தும் எஞ்சின்கள். சிறிய நாட்டுப் படகுகளின் பின்னே தொங்கும் எஞ்சின்கள் பெரிய அளவில் வந்தது 1980-களில். கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஜப்பானிய எஞ்சின்கள் வேகமாகப் பரவின. 1980இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டும் தளங்களோடு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. எஞ்சின் வந்தால் அதன் பின்னாலேயே பழுதும் வரும் அல்லவா?

ஓர் எஞ்சினின் வலிமை எவ்வளவு? கணக்குப் போடுவோம். இந்தக் கரைகளில் காணும் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் ஏறத்தாழ 7,400 வாட் தரும். ஒரு மனிதர் நெடுநேரம் களைக்காமல் தரக்கூடியது சுமார் 75 வாட். ஆகவே அந்தச் சிறிய பெட்டிக்குள் நூறு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள் என்று சொல்லலாம். அந்த நூறு பேரும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் பிரச்சினை!

உள்ளே நடப்பது என்ன?

பழுதைத் தேடுவதற்கு முன், பழுதில்லாத எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது எளிய 'இரு வீச்சு' எஞ்சின். சிறிய நாட்டுப் படகுகளில் நெடுங்காலமாக இருந்து வருவது இது.

ஓர் இரும்புக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உருளை, அதாவது சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் ஓடும் ஒரு குமிழ்தான் பிஸ்டன். பிஸ்டன் மேலே ஏறும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. தனக்கு மேலே இருக்கும் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையை அமுக்குகிறது. அதே நேரத்தில் தனக்குக் கீழே உள்ள அறைக்குள் புதிய கலவையை உறிஞ்சிக்கொள்கிறது. உச்சிக்கு வரும் நேரத்தில் பிளக்கின் முனையில் ஒரு மின்பொறி பாய்கிறது. கலவை தீப்பற்றி விரிகிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அப்படி இறங்கும்போது சுவரில் உள்ள ஒரு துளை திறந்து புகை வெளியேறுகிறது. மற்றொரு துளை வழியே, கீழ் அறையில் காத்திருந்த புதிய கலவை மேலே வருகிறது. மீண்டும் ஏற்றம், மீண்டும் பொறி.

ஒரு நிமிடத்தில் 5,000 சுற்று சுழலும் எஞ்சினில் இந்த நாடகம் ஒரு நொடிக்குள் 83 முறை நடக்கிறது. நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் எண்பத்து மூன்று பொறிகள்!

இவ்வளவு வேகமான நாடகத்துக்கு வேண்டிய பாத்திரங்கள் மூன்றே மூன்றுதான். சரியான அளவு கலவை, சரியான நேரத்தில் பொறி, கசிவில்லாத அமுக்கம். மூன்றும் இருந்தால் எஞ்சின் கிளம்பியே தீரும். அதற்குச் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது. கிளம்பவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

தொடுவதற்கு முன் பாருங்கள்

மருத்துவர் நோயாளியை முதலில் கண்ணால் பார்ப்பார். பிறகுதான் ஊசியை எடுப்பார். எஞ்சினுக்கும் அதே முறைதான். திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, சிவப்புக் கயிறு. பல எஞ்சின்களில் ஒரு சுருள் கயிறு உண்டு. ஒரு முனை ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருக்கும். மறுமுனை எஞ்சினில் ஒரு சிறிய கவ்வியாகச் செருகப்பட்டிருக்கும். ஓட்டுபவர் கடலில் விழுந்தால் கவ்வி கழன்று எஞ்சின் நின்றுவிடும். ஆளில்லாத படகு ஓடிப் போகாமலும், சுழல்விசிறி விழுந்தவர்மேல் ஏறாமலும் காக்கும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் கவ்வி செருகப்படவில்லை என்றால், நாள் முழுதும் இழுத்தாலும் பொறி வராது! கிளம்பாத எஞ்சின் என்று கொண்டுவந்து, கவ்வியைச் செருகியதும் சரியாகிப் போவது பட்டறைகளில் புதிய செய்தி அல்ல.

இரண்டாவது, கியர். நடுநிலையில் இல்லாவிட்டால் கிளம்பாதபடி பல எஞ்சின்களில் தடை வைத்திருப்பார்கள். கிளம்பிய உடனே படகு பாய்ந்து ஆளைத் தள்ளிவிடக் கூடாது அல்லவா?

மூன்றாவது, எண்ணெய்த் தொட்டி. அதில் எரிபொருள் இருக்கிறதா? சிரிக்காதீர்கள்! எளிய காரணத்தை முதலில் நீக்கிவிட வேண்டும் என்பது அறிவியலில் ஒரு நல்ல பழக்கம்.

எரிபொருள் வந்து சேர்ந்ததா?

தொட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் நடுவில், எலுமிச்சம் பழத்தைவிடப் பெரிய ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். அதை அமுக்கி அமுக்கி விட்டால் எரிபொருள் முன்னே செல்லும். கொஞ்ச நேரத்தில் குமிழ் கெட்டியாகும். கெட்டியானால் எஞ்சின்வரை எரிபொருள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு அமுக்கியும் தொளதொளவென்றே இருந்தால், எங்கோ காற்று நுழைகிறது. அல்லது தொட்டி காலி.

எரிபொருள் வந்தது, சரி. வந்தது பெட்ரோல்தானா? கடலில் நீர் எங்கும் நுழையும். பெட்ரோல் ஒரு லிட்டர் சுமார் 740 கிராம் எடை. தண்ணீரோ ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் தொட்டியின் அடியில் போய்த் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் குமிழ் குமிழாக ஏதாவது உருண்டால், அது தண்ணீர். இன்று இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலுக்குத் தண்ணீர்மேல் தீராத ஆசை. ஈரக் காற்றிலிருந்துகூட ஈர்த்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். ஆகவே மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலைக் கடலுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

குறைவு மட்டுமல்ல, மிகுதியும் கெடுதலே. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை இருந்தால்தான் தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது! காற்றின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இன்னொரு கணக்கு: ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும். பெட்ரோல் குறைவாகவே ஆவியாகும். அதனால் 'சோக்' என்னும் மூடியால் காற்றைக் குறைத்துக் கலவையைக் கெட்டியாக்குகிறோம். ஆனால் சோக்கை இழுத்தபடியே இருபது முறை கயிற்றை இழுத்தால் என்ன ஆகும்? உருளைக்குள் பெட்ரோல் வழிந்து பிளக்கே நனைந்துவிடும். மூக்கில் பெட்ரோல் நெடி அடிக்கும். இதற்கு மருந்து, மேலும் இழுப்பதல்ல. சோக்கைத் தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருப்பதுதான். அல்லது பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர வைக்க வேண்டும்.

மண்ணெண்ணெயின் குறும்பு

நம் கடற்கரைக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. பெட்ரோல் விலை அதிகம் என்பதால் மண்ணெண்ணெயில் ஓடும்படி அமைத்த எஞ்சின்கள் இங்கே பல. தமிழ்நாட்டில் நாட்டுப் படகுகளுக்கு மானிய விலையில் மண்ணெண்ணெய் வழங்குவதும் உண்டு. ஆனால் இந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுமே தவிர, மண்ணெண்ணெயில் பிறக்காது! ஏன்?

திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. பெட்ரோல், சுழியத்துக்கும் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய் அப்படி ஆவி விட ஏறத்தாழ 38 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு மணலில் கிடந்த எஞ்சினில் அந்தச் சூடு ஏது? ஆகவே முதலில் பெட்ரோலில் கிளப்புகிறார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு குழாய்த் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள்.

குறும்பு எங்கே வருகிறது தெரியுமா? கரை திரும்பும்போது! எஞ்சினை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். அவசரத்தில் அதை மறந்து மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால், கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் காலை தொட்டியில் பெட்ரோல் இருக்கும், குமிழும் கெட்டியாக இருக்கும், பொறியும் வரும். ஆனாலும் எஞ்சின் கிளம்பாது. முதல் நாள் மாலை செய்த தவறுக்கு மறுநாள் காலை தண்டனை! கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, பழைய எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டுப் புதிய பெட்ரோலை நிரப்பினால் போதும்.

பொறி பறக்கிறதா?

எரிபொருள் சரி என்றால் அடுத்த கேள்வி பொறியைப் பற்றியது. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. பிறகு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? உங்கள் சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். 1831இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மைதான் இங்கும். காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து ஓடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். எஞ்சினின் தலையில் உள்ள கனத்த சக்கரத்தில் காந்தங்கள் பதித்திருக்கின்றன. கயிற்றை இழுத்தால் சக்கரம் சுழலும், மின்சாரம் பிறக்கும், அது இன்னொரு சுருளில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து பிளக்குக்கு வரும்.

டைனமோ விளக்கு மெதுவாக மிதித்தால் மங்கும், வேகமாக மிதித்தால் பளிச்சிடும் அல்லவா? அதைப் போலவே, கயிற்றை மெதுவாக இழுத்தால் பொறி வலுவாக வராது. மெதுவாக முப்பது இழுப்பு இழுப்பதைவிட, முதலில் கயிற்றை இறுகும்வரை மெல்ல இழுத்து, பிறகு ஒரே வீச்சில் சட்டென்று இழுப்பது மேல். அனுபவம் உள்ளவர்கள் இரண்டே இழுப்பில் கிளப்புவதன் இரகசியம் இதுதான்.

பொறியின் பகைவர்கள் இருவர். ஒருவர் கரி. இரு வீச்சு எஞ்சினில் உராய்வைத் தடுக்கும் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவார்கள். பல எஞ்சின்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். எண்ணெய் கூடினால் அது கரியாகப் பிளக்கின் முனையில் படியும். முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கரி அதை அடைத்துவிட்டால் மின்சாரம் பொறியாகத் தாவாமல் கரி வழியே நழுவிப் போய்விடும்.

மற்றொருவர் உப்பு. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு உப்பைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்! மழைக்காலத்தில் அடுக்களையில் கல்லுப்பு ஜாடி கசிவதைக் கண்டிருப்பீர்கள். கடலுப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்து இழுப்பது அதுவே. பிளக் கம்பியின் மேல் படிந்த மெல்லிய உப்புப் படலமும் இரவெல்லாம் ஈரம் குடித்து உட்கார்ந்திருக்கும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பல ஆயிரம் வோல்ட் அந்த வழியே ஓடிவிட்டால் பொறி ஏது? கரை வந்ததும் எஞ்சினை நன்னீரால் கழுவித் துடைப்பதற்குக் காரணம் புரிகிறது அல்லவா?

ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துச் சோதிக்கும்போது பொறி தெரியலாம். ஆனால் உருளைக்குள் காற்று அமுங்கியிருக்கிறது. அமுங்கிய காற்றைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். வெளியே தாவிய பலவீனமான பொறி உள்ளே தோற்றுப் போகலாம். ஆகவேதான் மீனவர்கள் புதிய பிளக் ஒன்றைக் கூடவே எடுத்துச் செல்கிறார்கள்.

எச்சரிக்கை! பொறிச் சோதனை உங்களுக்கு உரியதன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். அதைப் பழகிய மெக்கானிக்கே செய்யட்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள்.

அமுக்கம் இருக்கிறதா?

மூன்றாவது பாத்திரத்தைக் கண்டறிய கையே கருவி. நல்ல எஞ்சினின் கயிற்றை மெல்ல இழுத்தால், ஓரிடத்தில் அது எதிர்த்து நிற்பதைக் கை உணரும். பிஸ்டன் கலவையை அமுக்கும் இடம் அது. அப்படி எதிர்ப்பே இல்லாமல் கயிறு 'வழவழ'வென்று வந்தால், அமுக்கம் எங்கோ கசிகிறது. பிஸ்டனைச் சுற்றிய வளையங்கள் தேய்ந்திருக்கலாம். பிளக் சரியாக இறுகாமலும் இருக்கலாம். பிளக் என்றால் இறுக்கிவிடலாம். வளையம் என்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

டீசல் எஞ்சினுக்குப் பிளக்கே கிடையாது என்பதையும் இங்கே தெரிந்துகொள்ளுங்கள். அது காற்றை மிகவும் கடுமையாக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்து வள்ளங்கள் பலவற்றில் உள்ளது இந்த வகை. அதற்கு எரிபொருளும் அமுக்கமும் ஆகிய இரண்டு கேள்விகளே முக்கியம்.

சுற்றுலாத் தலங்களில் நீரைக் கிழித்துக்கொண்டு பாயும் நீர்ஸ்கூட்டரைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு வெளியே சுழல்விசிறி இல்லை. உள்ளே நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி, அந்த எதிர்விசையால் ஓடுகிறது. கயிற்றுக்குப் பதில் பொத்தானும் பேட்டரியும். அது கிளம்பாவிட்டால் கேட்க வேண்டியவையும் இதே கேள்விகள்தான். முன்னால் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேட்டரியில் மின்சாரம் இருக்கிறதா, அதன் முனைகளை உப்பு அரித்திருக்கிறதா?

ஒரு நேரத்தில் ஒன்று

இத்தனை காரணங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தேடும் முறையைக் கற்றால் போதும். எளிதிலிருந்து கடினத்துக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் சோதித்துப் பாருங்கள்.

ஏன் ஒன்று மட்டும்? பிளக்கை மாற்றி, பெட்ரோலையும் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவிய பிறகு எஞ்சின் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மகிழ்ச்சிதான். ஆனால் எது நோய்? தெரியாது! அடுத்த முறை நடுக்கடலில் அதே நோய் வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றியவருக்கோ விடை கையில் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனையும் இதே விதிக்கு உட்பட்டதுதான்.

பிளக்கின் நிறமும் ஒரு சாட்சி. கழற்றிப் பார்க்கும்போது முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. கறுத்துப் பிசுபிசுத்தால் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி. ஈரமே இல்லாமல் உலர்ந்திருந்தால், பலமுறை இழுத்தும் எரிபொருள் வரவில்லை. ஊமையாக நின்ற எஞ்சின் எவ்வளவு பேசுகிறது, பார்த்தீர்களா?

நடுக்கடலில் நின்றால்

எஞ்சின் கடலில் நின்றுவிட்டால் முதல் வேலை எஞ்சினைப் பார்ப்பதல்ல. உயிர்காப்பு உடை அணிவது. அடிமட்டம் எட்டும் ஆழம் என்றால் நங்கூரம் போடுவது. நங்கூரம் விழுந்துவிட்டால் காற்று படகைக் கொண்டுபோக முடியாது. நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும். அதன் பிறகே சிவப்புக் கயிறு, குமிழ், பிளக் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் இருட்டும்வரை காத்திராமல் உதவி கேட்க வேண்டும். இந்தியக் கடலோரக் காவல் படையின் கட்டணமில்லாத தொலைபேசி எண் 1554. உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால், அந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதி, நனையாத உறையில் இட்டு இன்றே கொடுங்கள். எஞ்சின் இருக்கிறதே என்று துடுப்பைக் கரையில் விட்டுப் போகக் கூடாது என்பதையும் நினைவூட்டுங்கள்.

செய்து பாருங்கள்

1. சைக்கிள் பம்பின் வாயை விரலால் இறுக மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். எதிர்த்து நிற்கிறதா? அதுதான் அமுக்கம். இருபது முறை வேகமாக அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரியும். விரலைச் சற்றே தளர்த்தி மீண்டும் அழுத்துங்கள். தேய்ந்த வளையம் உள்ள எஞ்சினின் நிலை இதுவே.

2. இரண்டு டார்ச் செல்கள், ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு, கம்பிகள் ஆகியவற்றை ஒரு சுற்றாக இணைத்து, நடுவில் ஒரு தாள் துண்டைக் கம்பி முனைகளால் கவ்வச் செய்யுங்கள். எல்.இ.டி. ஒரு திசையில்தான் எரியும். ஆகவே முதலில் தாள் இல்லாமல் எரியவைத்துப் பாருங்கள். உலர்ந்த தாளில் விளக்கு எரியாது. அதே தாளை உப்புநீரில் நனைத்து, கம்பி முனைகளை நெருக்கமாக வையுங்கள். மங்கலாகவாவது எரியும். மின்சாரம் எந்த வழியாகப் போனது?

மூன்று புதிர்கள்

கீழே மூன்று எஞ்சின்கள். நோய் என்னவென்று கண்டுபிடியுங்கள்.

அ. நன்றாகக் கிளம்புகிறது. பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. தொட்டியின் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை. மூடியைத் திறந்து வைத்தால் மறுபடியும் ஓடுகிறது.

ஆ. கவ்வி செருகியிருக்கிறது, பொறி வலுவாக இருக்கிறது, கயிறு நன்றாக எதிர்க்கிறது. பிளக் முனை எலும்பைப் போல் உலர்ந்திருக்கிறது.

இ. கடலில் விழுந்து மீட்கப்பட்ட எஞ்சின். கயிறு கொஞ்சம் வந்து, கல்லில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது.

விடைகள்

அ. மூடியில் உள்ள காற்றுத் துளையின் திருகு மூடியிருக்கிறது. எரிபொருள் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் காற்றழுத்தம் குறைகிறது. பிறகு எரிபொருள் வர மறுக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் தயங்கித் தயங்கி வருவதை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது துளை எதற்கு என்பது இப்போது புரியும்.

ஆ. பொறியும் அமுக்கமும் இருக்கின்றன. மூன்றில் எஞ்சியது எரிபொருள். குமிழ், குழாய், வடிகட்டி என்ற வரிசையில் அடைப்பைத் தேட வேண்டும்.

இ. உருளைக்குள் தண்ணீர். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பலம்கொண்ட மட்டும் இழுத்தால் உள்ளே உள்ள தண்டு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்ல இழுத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நன்னீரால் கழுவி, உள்ளே எண்ணெய் விட்டு, தாமதிக்காமல் அன்றே பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தண்ணீருக்குள் கிடந்ததைவிட, வெளியே வந்து காற்றுப் பட்ட பிறகுதான் துரு வேகமாகப் பிடிக்கும்.